எந்தப் படலையைத் தட்டுவது?

வீட்டுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டிலை ஒட்டித் தறப்பாள் போட்டு இறக்கிய பத்தி. உள்ளே ஒரு சாக்குக் கட்டில். கட்டிலின் காலடியில் நிலத்தில் ஒரு சில்வர் தட்டு, அதில் காலையில் போட்ட சோறு. பகல் இரண்டு மணிக்கு நான் போனபோது சோற்றில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. ஆச்சிக்குத் தட்டு கையெட்டாது. தண்ணீர்ச் செம்பு அதற்கும் அப்பால். இடுப்பு முறிந்து எழும்ப மாட்டாமல் கிடப்பவருக்கு அவ்வளவு தூரத்தில் சாப்பாட்டை வைத்துவிட்டு ஒருவர் போயிருக்கிறார். நான் செம்பை எடுத்துக் கொடுக்க, குடித்து முடித்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை பிள்ளை. அவனை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்?”

இது 2014 இல், கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு குடியேற்றத் திட்டத்தில். எனக்கு வந்த கோபத்தில் நேரே பொலிசுக்குப் போனேன். அவர்கள் மகனைக் கூப்பிட்டு எச்சரித்து, இனி ஒழுங்காகப் பார்க்கிறேன் என்று கையெழுத்து வாங்கி, பின்னேரமே அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு அந்தப் படலைக்குப் பூட்டு விழுந்தது. இரண்டு நாளில் ஆச்சியை வவுனியாப் பக்கம் யாரோ உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டதாகக் கேள்விப்பட்டேன். எந்த ஊர், எந்த வீடு என்று யாரும் சொல்லவில்லை. ஒன்பது மாதம் கழித்து, சந்தியில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையில்தான் அவருடைய முகத்தைத் திரும்பவும் பார்த்தேன்.

நான் சொன்னது பிழையில்லை. முதலில் எங்கே போய்ச் சொன்னேன் என்பதுதான் பிழைத்தது. முறைப்பாடு கொடுத்த அன்றிரவு அந்த ஆச்சி எங்கே படுப்பார், யார் கையால் சாப்பிடுவார் என்று நான் யோசிக்கவேயில்லை. இப்போது எங்கள் கிராம அலுவலர் பிரிவின் முதியோர் சங்கத்தில் வேலை செய்கிறேன். மாதத்தில் ஒருவராவது வந்து, “பக்கத்து வீட்டில இப்பிடி நடக்குது, எங்க சொல்லுறது?” என்று கேட்கிறார். சிறுவர் விடயம் என்றால் 1929 என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வயதுபோனவருக்கோ படுக்கையில் கிடப்பவருக்கோ அப்படி எல்லார் வாயிலும் வருகிற இலக்கம் ஒன்று இல்லை. பல வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் உள்ளே போனால் வேறு வேறு இடம். அதனால் நான் ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: இந்த வாசலால் போனால் இன்றிரவு அவருக்கு என்ன நடக்கும்?

அதற்கு முன், கண்டது என்ன என்பதில் தெளிவு வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை கார்மென்டுக்கு வேலைக்குப் போகிறாள். விடியப்புறம் ஐந்தரைக்கு பஸ் வந்து ஏற்றும், பொழுதுபட்டுத்தான் திரும்புவாள். தாய்க்கு மறதி நோய். ஒருமுறை ஏ-9 வீதியில் ஏறி நடந்து, லொறிக்காரர் ஒருவர் நிறுத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவள் தாயை அறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போகிறாள். வெளியில் நின்று பார்ப்பவருக்கு அது கொடுமை. உள்ளே போய்ப் பார்த்தால் பாய் காய்ந்திருக்கிறது, தலை வாரியிருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் பிஸ்கட்டும் இருக்கின்றன. பூட்டு ஆபத்துத்தான், வீடு தீப்பிடித்தால் அந்த அம்மா வெளியே வர ஏலாது. ஆனால் அங்கே தேவைப்பட்டது பொலிஸ் அல்ல, பகலில் ஒரு ஆள். அயலில் இருவர் முறை வைத்துப் பார்க்கத் தொடங்கியதும் பூட்டு கழன்றது.

கொடுமைக்கு வேறு அடையாளங்கள். நாரியிலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் மணக்கத் தொடங்கியிருக்கும். நகம் மாதக்கணக்கில் வெட்டுப்படாமல் வளைந்திருக்கும். ஆளைத் தனியே கதைக்க விடமாட்டார்கள். எதைக் கேட்டாலும் வேறொருவர் பதில் சொல்வார். வங்கிப் புத்தகமும் ஏ.ரி.எம். அட்டையும் யாரிடம் என்றால் ஆச்சிக்குத் தெரியாது. காயத்துக்குச் சொல்லும் காரணம் ஒவ்வொரு முறையும் மாறும். இதில் எதைக் கண்டாலும் ஒரு சி.ஆர். கொப்பியில் திகதி, நேரம், கண்டது, கேட்டது என்று எழுதி வையுங்கள். “எனக்கு அப்பிடிப் படுது” என்பதை எழுத வேண்டாம். “ஒன்பதாம் திகதி பகல் இரண்டு மணி, தட்டில் காலைச் சோறு, தண்ணீர் எட்டாத இடத்தில்” என்று எழுதுங்கள். எந்த வாசலுக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

பிறகு, முடிந்தால் அவரைத் தனியே கேளுங்கள். புத்தி தெளிவாக இருக்கும் வயதுவந்த ஒருவர், தன் வாழ்க்கை பற்றி முடிவெடுக்கும் உரிமையைக் கட்டிலில் விழுந்ததும் இழந்துவிடுவதில்லை. “சொல்லாதை” என்று அந்த ஆச்சி சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. காதில் வாங்கியிருந்தால், சொல்லாமல் விட்டிருக்க மாட்டேன். “ஏன் ஆச்சி, சொன்னா என்ன நடக்கும் எண்டு பயப்பிடுறியள்?” என்று கேட்டிருப்பேன். அவர் எதற்குப் பயந்தாரோ அதுதான் நடந்தது. உயிருக்கு ஆபத்து என்றாலோ, சொல்லிப் புரியும் நிலையில் அவர் இல்லை என்றாலோ, அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

வன்னியில் எவரும் முதலில் நினைப்பது சொந்தத்துக்குள் பேசித் தீர்ப்பதைத்தான். தாய்மாமன், மூத்த மருமகன், கோயில் தலைவர், பங்குத் தந்தை. இதைக் குறைத்துப் பேச மாட்டேன். களைத்துப்போய்ப் பிழை விடுகிறவரிடம் மரியாதையான ஒரு ஆள் வந்து திண்ணையில் இருந்து அரைமணி கதைத்தால் பல வீட்டில் நிலைமை மாறும். அன்றிரவும் ஆச்சி தன் கட்டிலில்தான் படுப்பார். ஆனால் அடி நடக்கிற வீட்டில் இந்த வழி ஆபத்து. அடிக்கிறவருக்கு யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பெரியவர் எழும்பிப் போனதும் ஆச்சி தனியே அகப்படுவார். காசும் காணியும் நடுவில் இருந்தால் பேச வருகிற சொந்தத்துக்கே அதில் ஒரு கண் இருக்கக்கூடும். அதையும் பார்த்துத்தான் ஆளைத் தேட வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவிலும் சுவிசிலும் இருந்து மாதம் தவறாமல் காசு அனுப்புகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் வீடியோவில் பார்க்கிறீர்கள். அம்மா வெளுத்த சட்டையோடு, பூசின திருநீற்றோடு இருக்கிறார். போனைப் பிடித்திருப்பது அவரைப் பார்க்கிறவர். அவருக்கு முன்னால் அம்மா எதைச் சொல்வார்? சொல்லாத நாளில், சொல்லாத நேரத்தில் எடுங்கள். வீட்டோடு சேராத ஒருவரை, ஒரு ரீச்சரை, கடைக்காரரை, சும்மா ஒருநாள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். லண்டனில் இருந்து ஒரு தம்பி என்னிடம் கேட்டார், “கவுன்சிலுக்கு அறிவிச்சா ஆக்கள் வந்து பார்க்க மாட்டினமே அண்ணை?” என்று. இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, ஆபத்தில் இருக்கும் வயதுவந்தவர் பற்றித் தெரியவந்தால் உள்ளூர் கவுன்சில் விசாரித்தே ஆக வேண்டும். இங்கே அப்படி ஒரே கதவு இல்லை. ஆனால் காசு அனுப்புகிறவர் கையில் எந்த அலுவலகத்திடமும் இல்லாத ஒரு பிடி இருக்கிறது. அதைக் கோபத்தில் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய மாதம் பட்டினி கிடப்பது அம்மாதான். வேறு ஏற்பாடு செய்த பிறகு மாற்றுங்கள்.

அடுத்தது விதானையார். இப்போது கிராம அலுவலர் என்கிறோம், ஜீ.எஸ். என்றால் எல்லாருக்கும் விளங்கும். ஊரில் யார் யாருடைய பிள்ளை, யாருக்கு என்ன கொடுப்பனவு வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவருடைய கடிதம் கேட்பார்கள். நல்ல ஜீ.எஸ். ஒருவர் வீட்டுப் பதிவு பார்க்க வந்ததுபோல உள்ளே போய், யாரையும் உசுப்பாமல் நிலைமையைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். ஆனால் அவர் அதே ஊரில், அதே மகனின் கலியாணத்துக்கும் போனவராக இருக்கலாம். ஒருவரே இரண்டு மூன்று பிரிவைப் பார்க்கும் இடங்களும் வன்னியில் உண்டு. வாயால் சொன்னது அங்கேயே நின்றுவிடும். அதனால் ஜீ.எஸ்ஸிடம் சொல்வதாக இருந்தால், அதே நாளில் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள் என்பேன்.

பிரதேச செயலகம்தான் நான் அதிகம் நம்புகிற இடம். கரைச்சியோ துணுக்காயோ புதுக்குடியிருப்போ, உங்கள் பிரிவின் செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் என்று ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைவிலங்கு இல்லை, யாரையும் பிடித்து அடைக்க முடியாது. ஆனால் வீட்டுக்குப் போக முடியும், திரும்பத் திரும்பப் போக முடியும். சக்கர நாற்காலி, கொடுப்பனவு, இல்லத்தில் இடம் என்று ஒன்றோடொன்று கொழுவிப் பார்க்கவும் அவர்களால் முடியும். பொலிஸ் ஒருமுறை வந்து போகிறது. இவர்கள் மூன்றாம் கிழமையும் வருவார்கள் என்பதுதான் வித்தியாசம். குறை என்னவென்றால் மெதுவாக நடக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடிதம் கொடுத்தால் திங்கள் வரைக்கும் ஒன்றும் இல்லை. கடிதத்தின் பிரதியில் கிடைத்ததற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை இரவுக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. இதை ஒரு முறைப்பாட்டு வழியாகவே பலர் நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை. புண் மணக்கிறது, ஆள் காய்ந்துபோய்க் கிடக்கிறார், காய்ச்சல் அடிக்கிறது என்றால் 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. மகனைக் குற்றம் சொல்லத் தேவையில்லை. “அம்மாவுக்கு ஏலாமல் கிடக்கு, ஒருக்கா காட்டுவம்” என்றால் மறுக்கிற மகன் குறைவு. மறுத்தால் அதுவே ஒரு செய்தி. வார்டில் சேர்ந்ததும் இன்றிரவுக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது: வெள்ளைத் துணி விரித்த கட்டில், மூன்று நேரச் சாப்பாடு, சுற்றிலும் கண்கள். மகன் பக்கத்தில் இல்லாத நேரத்தில் தாதியிடம் நீங்கள் கண்டதைச் சொல்லலாம். அடிகாயம் என்று வைத்தியர் கண்டால் ஆஸ்பத்திரிப் பொலிசுக்கு அறிவித்து, சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். பிறகு வழக்கு என்று போனால் அந்த அறிக்கைதான் நிற்கும். நான் எடுத்த போன் படம் அந்த இடத்தை நிரப்பாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் என்று ஒரு அறை உண்டு, வீட்டு வன்முறைக்கு உள்ளானவர்கள் தனியே கதைப்பதற்கு. ஆஸ்பத்திரிக்கும் ஒரு எல்லை இருக்கிறது. புண் ஆறினால் துண்டு வெட்டி அனுப்புவார்கள், அதே பத்திக்கு. ஆகவே சேர்த்த அடுத்த நாளே பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். வார்டில் கிடக்கும் ஐந்தாறு நாள்தான் உங்களுக்குக் கிடைத்த அவகாசம்.

பொலிஸ் எப்போது? அடி விழுந்துகொண்டிருக்கும்போது, கத்தியோ மண்ணெண்ணெயோ கையில் இருக்கும்போது, பாலியல் கொடுமை என்று அறிந்தபோது. அப்போது யோசிக்க வேண்டாம், 119. மற்ற நேரங்களில் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவைக் கேட்டுப் போங்கள். வன்னியில் பல நிலையங்களில் தமிழ் தெரிந்தவர் சிலரே. நீங்கள் தமிழில் சொல்ல, அவர் சிங்களத்தில் எழுத, அதன் கீழே நீங்கள் கையெழுத்து வைக்கிற நிலை வரும். வாசித்து விளங்காத எதற்கும் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதக் கேட்பது உங்கள் உரிமை. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். எச்சரித்து அனுப்புகிறார்கள் என்றால், “அவர் இன்றைக்கு அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போறார், அம்மா அங்க தனிய இருக்கிறா” என்று சொல்லிப் பதியச் சொல்லுங்கள். சிறிய அடிபிடி என்று மத்தியஸ்த சபைக்கு, எங்கள் பேச்சில் இணக்கசபைக்கு, அனுப்புவதும் உண்டு. வேலிச் சண்டைக்கு அது நல்ல இடம். சோற்றுக்கு மகனை நம்பியிருக்கும் தாயை மகனுக்கு எதிரே கதிரையில் இருத்தி இணங்கச் சொன்னால் அவர் எதற்கும் இணங்குவார். அந்தக் கடுதாசியை வைத்து அடுத்த முறையும் மகன் தப்புவான்.

பொலிஸ் எச்சரிக்கையை விடப் பலமானது நீதிமன்றக் கட்டளை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தாய், தகப்பன், பாட்டன், பாட்டி, சகோதரம், பெற்றோரின் சகோதரம் எல்லாரும் அதற்குள் வருகிறார்கள். மகன் தாயை அடித்தாலும் பேரன் பாட்டியை மிரட்டினாலும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பிக்கலாம். நீதவான் இடைக்காலக் கட்டளை தரலாம், 14 நாளுக்குள் விசாரணை வைக்க வேண்டும். முழுக் கட்டளை 12 மாதம் வரைக்கும் நிற்கும். அடிக்கிறவரை அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் சொல்ல முடியும். மீறினால் பத்தாயிரம் ரூபா வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆச்சி தன் கட்டிலில் இருக்க, மகன் வெளியே போக வேண்டும் என்று சொல்லும் பலம் நான் அறிந்தவரை வேறெந்த வாசலுக்கும் இல்லை. செலவுக்குப் பயப்பட வேண்டாம், வருமானம் குறைந்தவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாகச் சட்டத்தரணி தரும். ஆனால் இந்தச் சட்டம் அடி, மிரட்டல், கடுமையான மனவதை என்பவற்றுக்கு. சோற்றை எட்டாத இடத்தில் வைப்பதையும் புண்ணைக் கழுவாமல் விடுவதையும் இதற்குள் கொண்டுவருவது சிரமம். மகன் வெளியே போனபின் சோறு போடுவது யார் என்பதையும் கட்டளை சொல்லாது.

கவனியாமல் விடுவதற்கு என்று இருப்பது 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். 60 வயதை எட்டியவர் முதியவர். பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்று அது எழுத்தில் சொல்கிறது. தன்னைத் தானே பராமரிக்க முடியாதவர், பிள்ளைகளிடமிருந்து மாதாமாதம் பணம் பெற்றுத் தரும்படி பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். முதியோர் உரிமைகள் உத்தியோகத்தரே விண்ணப்பத்தை நிரப்ப உதவுவார். கொழும்பிலும் வெளிமாவட்டத்திலும் உழைத்துக்கொண்டு தாயைத் தங்கச்சியின் தலையில் போட்டுவிட்டு இருக்கிற அண்ணன்மாருக்கு இது நல்ல மருந்து. பார்க்கிற தங்கச்சிக்கும் ஒரு ஆறுதல். ஆனால் வன்னியில் எத்தனை தாய் தகப்பனுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்? முள்ளிவாய்க்காலில் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு, மெனிக் பாம் முகாமில் இருந்து தனியே திரும்பி, பெறாமகன் வீட்டிலோ செத்த மகனின் மனைவி வீட்டிலோ ஒதுங்கியவர்கள் இங்கே எவ்வளவோ பேர். அந்த மருமகள் வேறு கலியாணம் செய்து, அந்த வீட்டிலும் கிழவி இருக்கிறார் என்றால், கடமை யாருடையது என்று எந்தச் சபையிடம் கேட்பது? இவர்களுக்கு வழி பிரதேச செயலகம் ஒன்றுதான். வீட்டில் வைத்துப் பார்க்க ஆளே இல்லை என்று தெளிவானால் கைதடியில் வடமாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. ஊரைவிட்டுப் போக மாட்டேன் என்று அழுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அதைக் கடைசியில் வைக்கிறேன்.

காணியைப் பற்றிச் சொல்லாமல் வன்னியில் இந்த விடயத்தை முடிக்க ஏலாது. இங்கே பாதிச் சண்டைக்கு வேர் பெர்மிட் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பின் காணிக்கு உரியவராக, ஒருவரின் பெயர் போடலாம். பெயர் போடும் வரை ஐயாவுக்குக் கோழிக்குழம்பு, போட்டபின் பத்தியில் படுக்கை. பெயர் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போது அதைப் பொதுவாக மாற்றலாம் என்று பலருக்குத் தெரியாது. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள். உறுதிக் காணியை நன்கொடையாக எழுதிக் கொடுத்துவிட்டு அடிபடுகிறவருக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. கொடிய நன்றிகேட்டைக் காரணம் காட்டி நன்கொடை உறுதியை மாவட்ட நீதிமன்றத்தில் ரத்துச் செய்யக் கேட்கலாம், 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்றே வந்தது. அது நீண்ட வழக்கு, இன்றிரவுக்கு உதவாது. ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததுமே சில வீடுகளில் தட்டு மெத்தைப் பக்கம் நகர்ந்ததைக் கண்டிருக்கிறேன்.

60 வயதாகாதவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. போரில் செல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருக்கிறவர்கள் இப்போது முப்பதிலும் நாற்பதிலும் இருக்கிறார்கள். முதியோர் சட்டம் அவர்களைத் தொடாது. அவர்களுக்குப் போக வேண்டியது சமூக சேவை உத்தியோகத்தரிடம். வீட்டு வன்முறைச் சட்டம் வயது பார்க்காது, அது அவர்களுக்கும் பொருந்தும். பெண் என்றால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 க்கும் கதைக்கலாம். மனநோய் என்று சங்கிலியில் கட்டி வைத்திருந்தால் மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு, அல்லது 24 மணி நேரமும் எடுக்கும் மனநல உதவி இலக்கம் 1926. கட்டி வைத்த தாயைத் திட்டிவிட்டுப் போகாதீர்கள். மருந்து ஒழுங்காகத் தொடங்கி, கிளினிக்குக்குக் கூட்டிப் போக ஒரு ஆள் கிடைத்தால் சங்கிலி தானாக அவிழும்.

கொடுமை நடப்பது வீட்டில் அல்ல, ஒரு இல்லத்தில் என்றால் முதலில் அது பதிந்த இல்லமா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். முதியோரைத் தங்கவைத்துப் பார்க்கும் நிறுவனங்கள் பதிய வேண்டும் என்பது அதே 2000 ஆம் ஆண்டுச் சட்டம். அரச இல்லம், அரச உத்தியோகத்தர் என்றால், அல்லது முறைப்பாட்டை எடுக்க மறுக்கிறார்கள் என்றால், மனித உரிமைகள் ஆணைக்குழு. வவுனியாவில் அதற்கு அலுவலகம் உண்டு, தொலைபேசி 1996.

இத்தனையும் கேட்டபின் எல்லாரும் கடைசியாகக் கேட்பது ஒன்றுதான்: “என்ர பேர் வருமோ?” இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். எத்தனை முறை பதிந்தோம், எத்தனை சீருடை வந்து பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு போனது. இன்னொரு கொப்பியில் பெயர் ஏறுவதற்கு வன்னியில் ஒருவர் தயங்குவதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது. பெயரில்லாக் கடிதத்தை ஒரு நல்ல உத்தியோகத்தர் தட்டிக்கழிக்க மாட்டார், ஆனால் அதற்கு வலு குறைவு. நடுவழி ஒன்று உண்டு. நீங்கள் முதியோர் சங்கத்திடமோ மாதர் சங்கத்திடமோ சொல்லுங்கள், சங்கம் தன் பெயரில் எழுதட்டும். ஊரில் “ஆர் சொன்னது?” என்ற கேள்விக்கு “சங்கம்” என்று பதில் இருந்தால் ஒருவர் வேலியில் மட்டும் கல் விழாது. பொலிசுக்குப் போய் அதனால் மிரட்டல் வந்தால், பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015 இல் சட்டம் வந்து, அதற்குப் பதிலாக 2023 இல் 10 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. மிரட்டலையும் தனியே ஒரு முறைப்பாடாகப் பதியுங்கள்.

2014 இல் நான் போனது ஒரு வழி. சில வருடங்களுக்குப் பிறகு அதே மாதிரி இன்னொருவர். எண்பதைத் தாண்டிய ஐயா, இரண்டு மகன்மாரும் சண்டையில் போனவர்கள், பெறாமகனோடு இருப்பு, இரண்டு ஏக்கர் வயல் பெர்மிட். குதிக்காலில் புண். இந்தமுறை நான் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை, “புண்ணைக் காட்டுவம் ஐயா” என்று அம்புலன்சுக்கு அடித்தேன். பெறாமகனும் ஏறி வந்தான். அவன் வீட்டுக்குத் திரும்பியபின் வார்டு மிஸ்ஸிடம் கொப்பியைக் காட்டினேன். வெள்ளி காலையில் சங்கத்தின் கடிதம் பிரதேச செயலகத்தில். திங்கட்கிழமை முதியோர் உரிமைகள் உத்தியோகத்தர் வார்டுக்கே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு, திரையை மூடிவிட்டு ஐயாவோடு முக்கால் மணி நேரம் கதைத்தார்.

பெர்மிட்டில் பெயரை மாற்றுவதா என்று கேட்டதற்கு ஐயா மாட்டேன் என்றுவிட்டார். “அவன்தானே எனக்குக் கொள்ளி வைக்கப்போறான்” என்றார். வழக்கும் வேண்டாம் என்றார். அவர் கேட்டது வங்கிப் புத்தகத்தை. அதைத் தன் தலையணைக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பதும், பத்தியில் இருந்து கட்டிலை முன்விறாந்தைக்கு எடுக்க வேண்டும் என்பதும்தான். எனக்கு அது போதாது என்றுதான் பட்டது, இன்றைக்கும் படுகிறது. ஆனால் உத்தியோகத்தர் அதை அப்படியே எழுதினார். பெறாமகனைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். மாதத்தில் ஒருமுறை போய்ப் பார்ப்பேன் என்று அவன் முன்னாலேயே சொன்னார், போகவும் செய்தார்.

முன்விறாந்தை ஒழுங்கையைப் பார்த்தபடி இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் படலையடியில் நின்று ஐயாவுக்குக் கை காட்டுவார்கள். கொடுப்பனவு வருகிற நாளில் ஓட்டோ பிடித்து அவரே வங்கிக்குப் போவார். ஒருநாள் நான் பின்னால் இருந்த ஓட்டோவில். இறங்கும்போது கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டார். ஒரு கையில் பொல்லு, மற்றக் கையில் பொலித்தீன் பையில் சுற்றிய புத்தகம்.